பொறியியலிலிருந்து வரலாற்றுக்கு

வாசகரே, தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. சாட்சியாக நின்றால் போதும். மேடையில் நான் தோற்றது அரிது. மாவட்ட அளவில் பட்டிமன்றங்களில் பேசி வென்ற கோப்பைகள் நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸின் அலமாரியை நிறைத்திருக்கின்றன. இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டில், வெப்ப இயக்கவியல் தாளில் தோற்றேன். கணக்குப் போட வேண்டிய இடங்களில் விளக்கம் எழுதியிருந்தேன். முன்னுரை இருந்தது, மறுப்புரைகூட இருந்தது, விடை இல்லை.

மறுதேர்வு எழுதித் தேறியிருக்கலாம். ஆனால் அதற்கென்று உட்கார்ந்த நாள்களில் நான் தேடித் தேடிப் படித்தது, நீராவி எஞ்சின் வந்தபின் கைத்தறி நெசவாளர்கள் என்ன ஆனார்கள் என்பதை. எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பது கடைசிவரை மனத்தில் ஏறவில்லை. கடலூரில் ஒரு கலைக் கல்லூரிக்கு மாறி, வரலாறு முதலாண்டில் சேர முடிவெடுத்தேன். அப்பாவின் சம்மதம் வேண்டும். சுரங்கத்தில் பெர்மனென்ட் ஊழியரான அவரோ, மகன் அங்கேயே இன்ஜினியராக வருவான் என்று உடன் வேலை பார்ப்போர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தவர்.

இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்புமுன் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது தொடங்கினேன். தனிமனித விருப்பம், சமூகத்தின் எதிர்பார்ப்பு என்று ஏற்ற இறக்கத்தோடு மூன்றாவது வாக்கியத்தை எட்டியிருப்பேன். அப்பா கரண்டியால் தட்டின் விளிம்பைத் தட்டினார்.

"மணி அடிச்சாச்சு. வூட்டுல என்னா மேடைப் பேச்சு பேசிகினு இருக்க?" பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "நடுவரே, நீ என்னா சொல்ற?"

"நடுவருக்கு அடுப்புல வேலை கெடக்கு. நீங்க ரசம் ஊத்திக்குங்க, பஸ்சு வந்துடும்."

அப்பா ரசத்தைத் தொடவில்லை. "ஃபெயிலாயிட்டோம்னு ஓடுறியா, புடிச்சிருக்குன்னு போறியா? அத மட்டும் சொல்லு."

முன்னுரை, மறுப்புரை எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

"ரெண்டுந்தாம்பா."

"இதான்டா பதிலு." எழுந்து கை கழுவினார். "சரி, போ. மைன்ஸ்ல கேக்கறவனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

வாசலில் பூட்ஸை மாட்டும்போது நிமிர்ந்து பார்த்தார். "அங்கயும் ஊத்திக்கிச்சின்னா?"

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அதையும் மீறிக் கேட்கும்படி சொன்னேன்: "வாத்தியார் மேல பழி போட மாட்டேன். இன்னொரு காலேஜுன்னு கேக்க மாட்டேன். அங்கயே உக்காந்து எழுதிப் பாஸ் பண்ணிட்டுத்தாம்பா வருவேன்."