உயிரோடு இருப்பவருக்கு ஓர் அஞ்சலிக் கூட்டம்

போன செவ்வாய்க்கிழமை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை அங்கே கேட்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

“செல்லையா தவமணி!”

சித்தியின் மகள் காய்ச்சலோடு வார்டில் கிடந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கிளினிக் பக்கம் நிழலாக ஒரு வாங்கு கண்ணில் பட, போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பிரஷர்காரர்களின் நாள் போல. கூட்டமென்றால் கூட்டம். தாதி மறுபடியும் கூப்பிட்டார்.

“செல்லையா தவமணி இருக்கிறாவோ?”

ஒரே பெயரில் எத்தனை பேர் இருக்க மாட்டார்கள்? அப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்குள் முன்வரிசையிலிருந்து பதில் வந்தது.

“ஓம், வாறன். கத்தாதையும் பிள்ளை. காது இன்னும் கேக்குது.”

அந்தக் குரல்! ஒரு முழுக் கல்லூரியே அந்தக் குரலுக்கு வாயை மூடியிருக்கிறது. எனக்கு எப்படி மறக்கும்?

தவமணி மிஸ். எங்கள் கல்லூரியின் முதலாவது பெண் அதிபர். எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்த நடையோடு டொக்டரின் அறைக்குள் போனார். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

ஏனென்று கேட்கிறீர்களா? இந்த மாத ஆரம்பத்தில்தான் அவருக்கு நாங்கள் அஞ்சலிக் கூட்டம் நடத்தி முடித்திருந்தோம்!

கல்லூரியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரணம், படிக்கப் படிக்க உங்களுக்கே புரியும். பட்டப்படிப்பு வகுப்புகள் நடந்த, மிகப் பழைய பல்கலைக்கழகக் கல்லூரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதிகள், பேராசிரியர்கள், சத்திரசிகிச்சை நிபுணர்கள், அமைச்சின் செயலாளர்கள் என்று உலகம் முழுக்கப் பெரிய மனிதர்களை அனுப்பிய இடம். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் எந்தக் கூட்டமும் இந்தப் பெருமைகளை வாசிக்காமல் தொடங்காது. வாசித்து முடிக்கும்போது பாதிப் பேர் நித்திரை.

அப்படிப்பட்ட சங்கத்துக்கு இணையத்தில் ஒரு மரண அறிவித்தல் கிடைத்தது. செல்லையா தவமணி, ஓய்வுபெற்ற அதிபர், தீவுப் பகுதியைப் பிறப்பிடமாகக் கொண்டவர், கனடாவில் காலமானார். படம் கொஞ்சம் மங்கல். வயதும் கிட்டத்தட்டச் சரி. வேறென்ன வேண்டும்? மிஸ் கல்யாணம் கட்டாதவர். சகோதரங்கள் எல்லாம் வெளிநாட்டில். ஓய்வுக்குப் பிறகு அவரும் அங்கேதான் போயிருப்பார் என்று நாங்களாகவே முடிவுகட்டி வைத்திருந்தோம். ஒருவருமே விசாரிக்கவில்லை. அந்த ‘ஒருவருமே’யில் நானும் சேர்த்தி.

மண்டபம் நிறைந்த கூட்டம். மிஸ்ஸின் படத்துக்கு மல்லிகை மாலை. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்களுக்காக நேரடி ஒளிபரப்பு வேறு. பெரிய பெரிய ஆட்கள் பேசினார்கள், ஒரு பிள்ளை நீளமாக ஒரு கவிதை வாசித்தது. ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. கடைசியாகக் குகன் எழுந்தான்.

குகன் எனக்கு ஒரு வகுப்புக் கீழே. அப்போது மாணவர் ஒன்றியத் தலைவன். இப்போது சங்கத்தின் தலைவன், பெயரெடுத்த சட்டத்தரணி. எழுதி வைத்துப் பேசுகிற ஆள், அன்றைக்கு வெறுங்கையோடு மைக்கைப் பிடித்தான்.

பரீட்சையைப் பின்போடச் சொல்லி ஒரு முறை நாங்கள் வேலைநிறுத்தம் செய்தோம். மிஸ் மசியவில்லை. ஒரு நாள் காலையில் யாரோ அவரை அலுவலகத்துக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டார்கள். பின்னேரம்தான் திறந்தார்கள். பூட்டியது யாரென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

“அந்தச் சாவி என்ர பொக்கற்றுக்குள்ள இருந்தது,” என்றான் குகன். “நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்லாமல் அவ உள்ள இருந்தவ. ஆரெண்டு தெரியாமலே மிஸ் போயிட்டா. மன்னிப்புக் கேக்க வேணும், கேக்க வேணும் எண்டு இவ்வளவு காலமும் தள்ளிப்போட்டன். இப்ப ஏலாது.”

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. நீதிமன்றத்தில் சிங்கம் மாதிரி நிற்கிறவன், மேடையில் குலுங்கிக் குலுங்கி அழுதான். நாங்களும் அழுதோம். கலைந்துபோனோம். மண்டபத்துக்கு மிஸ்ஸின் பெயரை வைப்பதென்று தீர்மானமும் எடுத்தாயிற்று.

அந்த மிஸ்தான் இப்போது கையில் மருந்துப் பையோடு எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்!

“நீர் அந்தப் பேப்பரில எழுதிற பிள்ளைதானே? என்ன, பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறீர்?”

“மிஸ்... நீங்கள்... நாங்கள்...”

“செத்துப்போனன் எண்டு நினைச்சனீங்கள். தெரியும். வாரும், வீட்டை போய்க் கதைப்பம்.”

தெரியுமா? எப்படி?

ஓட்டோ பிடித்துக் கரம்பொன்னுக்குப் போனோம். அவர் பிறந்த வீடு. தங்கையின் மகள் ரதி, ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியை, கூட இருக்கிறாள். ஓய்வுபெற்ற நாள் முதல் மிஸ் இங்கேதான் இருக்கிறாராம். கனடாவை எட்டியும் பார்க்கவில்லையாம்; அங்கே காலமானவர் அதே பெயரில் வேறொரு அதிபராம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்தால் பஸ்ஸில் வந்து இறங்கிவிடலாம். நாங்கள் கனடாவுக்கு அனுதாபம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்!

“ரதியின்ர போனில முழுக்கப் பார்த்தனான்,” என்றார் மிஸ். “நல்ல மாலை. கவிதை வாசிச்ச அந்தப் பிள்ளைதான் சரியா அறுத்துப்போட்டுது.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“அப்ப ஏன் மிஸ் உடனே போன் எடுத்துச் சொல்லேல்லை?”

அவர் முற்றத்துக் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுக்கத்தான் போனனான். அப்பத்தான் குகன் எழும்பினவன். அவ்வளவு சனத்துக்கு முன்னால நெஞ்சில கிடந்ததைக் கொட்டிப்போட்டான் பாரும். நான் உயிரோட இருக்கிறன் எண்டு தெரிஞ்சால் அந்தப் பெடியன் வெக்கத்தில குன்றிப்போவான். அதுதான் பேசாமல் இருந்திட்டன். செத்தவளாவே இருந்திட்டுப் போறன், எனக்கென்ன குறை?”

ஒரு மாணவன் தலை குனியக் கூடாது என்பதற்காக, செத்தவராகவே இருந்துவிட ஒரு ஆசிரியர் முடிவெடுக்கிறார்! நான் ஆடிப்போனேன். ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி பின்னால் இருந்தது.

“பாவம் மிஸ் அவன். நீங்கள் ஆரெண்டு தெரியாமலே போயிட்டீங்கள் எண்டுதான் அவ்வளவு அழுதவன்.”

“தெரியாதோ?” மிஸ் சிரித்தார். “அவன் சாவியைத் திருப்பேக்க நான் யன்னலடியில நிண்டனான். அவன்ர முகத்தை வடிவாக் கண்டனான். அவன்தான் என்னைக் காணேல்லை.”

“அப்ப ஏன்...”

“அடுத்த நாள் விசாரிக்க வந்தவை. உமக்குத் தெரியும்தானே.”

துப்பாக்கியோடு யார் வந்தார்கள் என்று இங்கே எழுதத் தேவையில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அப்படிக் கூட்டிக்கொண்டு போன பெடியன்கள் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பதும் தெரியும்.

“பேரைச் சொல்லச் சொல்லி மேசையில தட்டினவங்கள். பூட்டுப் பழசு, தானா இறுகிப்போச்சுது எண்டு சொன்னனான். நம்பேல்லை. திரும்பத் திரும்பக் கேட்டாங்கள். நானும் திரும்பத் திரும்ப அதையே சொன்னன்.”

“அவனில உங்களுக்குக் கோபம் இல்லையோ மிஸ்?”

“இல்லையோ? பத்திக்கொண்டு வந்தது! நல்லா நாலு அறை குடுக்க வேணும் போல இருந்தது. ஆனால் கோபம் என்ர. உயிர் அவன்ர.”

அவ்வளவுதான் சொன்னார். ரதி கொண்டுவந்த தேத்தண்ணியை வாங்கி ஊதத் தொடங்கினார். பாராட்டுக்குக் காத்திருக்கிற முகமே இல்லை.

குகனுக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். தலையாட்டினேன். படலைக்கு வெளியே வந்ததும் போனை எடுத்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

“குகன், மிஸ் உயிரோட இருக்கிறா. கரம்பொன்னில.”

 “அக்கா, இதில பகிடி விடாதேங்கோ,” என்றான். 

“நான் அவவின்ர வீட்டு வாசல்ல நிண்டுதான் கதைக்கிறன்.”

போன் கட்டாகிவிட்டது. வெயில் சாய முன்பே அவனுடைய கார் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. நீதிமன்றத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. படலையைப் பிடித்தபடி நின்றான். உள்ளே வரக் கால் எழும்பவில்லை.

மிஸ் அவனைக் கண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு இந்த வயதிலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவனிடம், “வெயிலுக்குள்ள நிக்காமல் உள்ள வாரும். தேத்தண்ணி குடியும்,” என்றார்.

“மிஸ், நான் அண்டைக்கு...”

“பார்த்தனான். நல்லாக் கதைச்சனீர். கதிரையில இரும்.”

அவன் இருக்கவில்லை. “இல்லை மிஸ். அது படத்துக்குச் சொன்னது. உங்களுக்கு நான் இன்னும் சொல்லேல்லை.”

சொன்னான். மேடையில் சொன்னதைவிடச் சுருக்கமாக, ஒரு அலங்காரமும் இல்லாமல். தன்னுடைய வீறாப்புக்காகத்தான் பூட்டியதாகவும், பரீட்சையெல்லாம் சும்மா சாட்டு என்றும் சொன்னான். மிஸ் ஒரு சொல்கூடக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

முடித்ததும், “எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி,” என்றார்.

குகன் விளங்காமல் பார்த்தான். மிஸ் யன்னலைச் சொன்னார். வந்தவர்களைச் சொன்னார். பழைய பூட்டென்று தான் சொன்ன பொய்யைச் சொன்னார்.  மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு, இவ்வளவு காலமும் தான் மூச்சுவிட்டதே யாரால் என்று அப்போதுதான் விளங்கியது. பொத்தென்று கீழே இருந்தான். கதிரையில் இல்லை, வெறும் நிலத்தில்.

அழவில்லை. மேடையில் அப்படி அழுத மனிதன் இங்கே ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ் தன் கையை அவன் தலையில் வைத்தார். ரதி மெல்லக் குசினிக்குள் போய்விட்டாள். நானும் அங்கே நிற்கவில்லை. சில இடங்களில் எழுத்தாளருக்கு வேலை இல்லை.

எங்கள் கூட்டங்களில் வாசிக்கிற பெருமைகளை நினைத்துப் பார்த்தேன். யார் எந்தப் பதவியில் இருந்தார், எந்த நாட்டில் என்ன பட்டம் வாங்கினார்... எல்லாம் வரும். ஒரு அறைக்குள், ஒரு மேசைக்கு முன்னால், ஒரு பெயரைச் சொல்லாமல் இருந்த அதிபரைப் பற்றி யார் வாசிக்கப்போகிறார்கள்? சொல்லாத பெயருக்குப் பட்டம் கொடுக்கிற கல்லூரி எங்கே இருக்கிறது?

புறப்படும்போது குகன் கேட்டான்: “மிஸ், சங்கத்துக்கு நீங்களே ஒரு வார்த்தை கதைக்கிறீங்களோ?”

“நீரே சொல்லும். நான் சொன்னால் நம்பமாட்டினம்.”

காருக்குள் இருந்தபடியே குகன் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டான். தவமணி மிஸ் நலமாக இருக்கிறார், நேரில் பார்த்துக் கதைத்தேன், நடந்த தவறுக்கு வருந்துகிறோம் என்று விளக்கமாக எழுதினான்.

லண்டனிலிருந்து ஒரு பேராசிரியர் உடனே பதில் போட்டார்: “ஆழ்ந்த அனுதாபங்கள்!”