பாதி திறந்த படம்

மலேசியாவின் கிள்ளான் நகரத்து லிட்டில் இந்தியாவில், ஒரு துணிக்கடைக்கு மேலே முதல் மாடியில் என் கடை இருக்கிறது. கலியாண அட்டை, பேனர், பெயர்ப்பலகை, இரங்கல் அறிவிப்பு எல்லாம் அடித்துக் கொடுக்கிறேன். வேலைக்கு ஆள் இல்லை. நான், ஒரு கணினி, இரண்டு பிரிண்டர்கள், அவ்வளவுதான்.

அந்தக் கணினி சில மாதங்களாகவே மெதுவாகிக்கொண்டு வந்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கீழே போய் கோப்பி குடித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். யூடியூப்பில் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். தேவையில்லாத கோப்புகளை அழித்தேன். தானாக ஓடத் தொடங்கும் செயலிகளை நிறுத்தினேன். ஹார்ட் டிஸ்கில் சிதறிக் கிடப்பவற்றை ஒழுங்குபடுத்தும் வேலையை ஒரு ஞாயிறு முழுக்க ஓடவிட்டேன். கடைசியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ரேம் கூட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதைதான்.

அப்படி இருக்கும்போதுதான் மழை பெய்த ஒரு காலையில் டீச்சரின் கணவர் படியேறி வந்தார்.

டீச்சர் பக்கத்து வட்டாரத்தில் பாலர் பள்ளி நடத்தியவர். வருடக் கடைசியில் பிள்ளைகளின் பட்டமளிப்புக்குப் பேனர் அடிக்க என்னிடம்தான் வருவார். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பேனர் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு மனைவிக்குப் பின்னால் இறங்கிப்போவார், அவ்வளவுதான் எனக்குப் பழக்கம். அன்று தனியாக வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"டீச்சர் விடியக்காலம் போய்ட்டாங்க தங்கச்சி," என்றார். மற்றவர்களிடம் பேசும்போது அவரும் மனைவியை டீச்சர் என்றுதான் சொல்வார்.

உடம்பு முடியவில்லை என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. உட்காரச் சொன்னேன்.

"மூனு மணிக்கு மின்சுடலையில நேரம் குடுத்திருக்காங்க. மக மெல்பர்ன்லேர்ந்து வந்துகிட்டிருக்கு, சாயங்காலந்தான் இறங்கும். ஆனா என்னைப் போட்டு வெச்சிருக்காதீங்கன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. மகளும் சரி, செய்ங்கன்னு சொல்லிருச்சு. ஒரு போட்டோ மட்டும் வேணும் தங்கச்சி. மாலை போட."

டீச்சருக்குப் படம் எடுத்தாலே பிடிக்காது. குடும்பத்துப் படங்களில் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் கையை நீட்டி மறைத்துக்கொண்டிருப்பார். கணவரின் கைப்பேசியில் இருந்தவை சிகிச்சை நாட்களில் எடுத்தவை. முடி கொட்டி, மூக்கில் குழாயோடு. "இத வெக்க மனசு வரல," என்றார். டீச்சரின் கைப்பேசியைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அதைத் திறக்கும் எண் அவருக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை.

நல்ல படம் ஒன்று என்னிடம்தான் இருந்தது. நோய் வருவதற்கு முந்தின வருடம், பள்ளிப் பேனரில் தலைமையாசிரியர் படம் வேண்டுமென்று பெற்றோர்கள் பிடிவாதம் பிடித்ததால், என் கடையிலேயே வெள்ளைச் சுவர் ஓரமாக நிற்கவைத்து நான் எடுத்தது. அதன் பிரதி வேறெங்கும் இல்லை; கேமராவில் இருந்ததை அப்போதே அழித்துவிட்டேன், பேனரையும் விழா முடிந்ததும் டீச்சர் எறிந்துவிட்டார். கலியாண அட்டைகளைத்தான் இன்னொரு டிஸ்கில் சேமித்து வைப்பேன். பாலர் பள்ளிப் பேனரைத் திரும்ப யார் கேட்கப்போகிறார்கள்?

"இருக்குண்ணே. கொஞ்சம் பொறுங்க," என்றேன்.

கோப்புறையைத் திறந்தேன். மேலே பச்சைக் கோடு ஊர்ந்தது, பாதியில் நின்றது. எதையும் தொடாமல் காத்திருந்தேன். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதம் என்று சிவந்து கிடந்தது. பிரவுசரை மூடினேன், வைரஸ் தேடும் செயலியை நிறுத்தினேன், பிரிண்டர் மென்பொருளை நிறுத்தினேன். நூறு நூறாகவே நின்றது. உள்ளேயிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்துகொண்டிருந்தது, நகத்தால் தட்டுவதுபோல.

"லைன் பிரச்சனையா?" என்று கேட்டார்.

"லைன் இல்லண்ணே. உள்ள இருக்கற டிஸ்க். படிக்க மாட்டேங்குது."

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கணினிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், மூலையில் ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியைத் தூக்கி வந்து அதன் பக்கமாகத் திருப்பி வைத்தார். "சூடாயிருக்கும்," என்றார். அதனால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலையில் அவர் செய்வதற்கு வேறு வேலை எதுவும் இல்லை. நன்றி சொன்னேன்.

பிரிக்பீல்ட்ஸ்காரருக்குப் போன் செய்தேன். சத்தம் கேட்கட்டும் என்று கைப்பேசியைப் பெட்டியோரம் பிடித்தேன்.

"டிஸ்க் சாவுது லா அக்கா," என்றார். "இனிமே ஸ்பீடு ஏத்தற பேச்சே கெடையாது. ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, திரும்ப எந்திரிக்காது. ஒழுங்குபடுத்தற வேலை எதுவும் ஓட விடாதீங்க. வேண்டிய ஃபைல் எதுவோ அத மட்டும் எடுக்கப் பாருங்க."

"அதத்தான் பாஸ் எடுக்க முடியல."

"கொண்டாங்க, வேற டிஸ்க்ல காப்பி எடுத்துப் பாக்கறேன். ஆனா இந்த நெலமையில ரெண்டு நாள் கூட ஆகும்."

"மூனு மணிக்குச் சுடலைக்குப் போவணும்."

"சாரிக்கா," என்றார்.

கோப்புறை ஒருவழியாகத் திறந்தது. படத்தின் பெயர் தெரிந்தது. அதன்மேல் இருமுறை தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

படம் மேலிருந்து வரத் தொடங்கியது. முதலில் வெள்ளைச் சுவர். அப்புறம் வகிடு எடுத்த முடி. பொட்டு. கண்ணாடி, அதற்குள் கண்கள். மூக்கு பாதி வந்தது. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம்.

நாங்கள் காத்திருந்தோம். தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"தெரியலண்ணே."

ஏதோ தோன்றி, கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டேன். அடுத்த நிமிடமே திரை நீலமாகி அணைந்துவிட்டது. மறுபடி போட்டபோது டிஸ்க் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. என்னால் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. விசைப்பலகையில் எதையெதையோ அழுத்திக்கொண்டிருந்தேன்.

"விடுங்க தங்கச்சி," என்று அவர்தான் சொன்னார். சட்டைப் பையிலிருந்து டீச்சரின் அடையாள அட்டையை, ஐசியை, எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல இருக்கறதப் பெருசாக்க முடியுமா?"

கீழே இறங்கி, நான்கு கடை தள்ளியிருந்த புகைப்படக் கடையில் கெஞ்சி அவர்கள் கணினியில் உட்கார்ந்தேன். ஐசி படம் விரல்நகம் அளவு. பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளி புள்ளியாக உடைந்தது. முடிந்தவரை சரிசெய்து சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மழை படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். மூன்று மணிக்கு நானும் போனேன். மாலைக்கு நடுவே இருந்த முகத்தைப் பார்த்து, பாலர் பள்ளிப் பிள்ளைகளின் அம்மா ஒருத்தி, "இது டீச்சர் மாதிரியே இல்லயே," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். என்னால் தலைகுனிந்து நிற்கத்தான் முடிந்தது.

மறுநாள் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக் கொமுட்டர் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். பழுது பார்ப்பவர் அந்த டிஸ்கை மூன்று விதமான கம்பிகளில் மாட்டிப் பார்த்தார். எதிலும் தெரியவில்லை. டிஸ்கைப் பிரித்து உள்ளே பார்க்கும் இடம் ஒன்றுக்கு அனுப்பினார். சில நாள் கழித்து அங்கேயும் கைவிரித்துவிட்டார்கள். உள்ளே தகடு கீறிப்போயிருந்ததாம். என் கணினியில் பழைய டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்று போட்டுக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டு நாற்காலியை இழுப்பதற்குள் திரை வந்து நின்றது.

"பாத்தீங்களா, எப்டி பறக்குது," என்றார். தலையாட்டினேன்.

கருமக்கிரியைக்கு முன்னால் மகள் கடைக்கு வந்தாள். சட்டம் போட்ட படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சொன்ன அந்தப் பாதிப் படத்தைக் காட்டச் சொன்னாள். கைப்பேசியை நீட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கேமராவ பாக்கலயே அக்கா. எங்க பாக்கறாங்க?"

"எனக்குப் பின்னால யாரோட கலியாண பேனரோ காயப் போட்டிருந்தேன். அதுல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. போட்டோ எடுத்து முடிச்சதும் அதத்தான் சொன்னாங்க."

சிரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஏஐல மீதிய போட்டு எடுக்கலாம்னு சொல்றாங்களே. பாக்கலாமா?" என்றாள்.

எனக்கு இஷ்டமில்லை. ஆனால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அம்மாவின் முழுப் படம் இனி இல்லை என்று ஏற்கெனவே கைவிரித்தவள் நான். படத்தை ஏற்றி, கீழ்ப்பாதியை நிரப்பச் சொன்னேன். கணினி இப்போது காக்கவே வைக்கவில்லை. டீச்சரின் கண்களுக்குக் கீழே ஒரு வாய் வந்து சேர்ந்தது. ஒரே அளவான வெள்ளைப் பற்களோடு இதமாகச் சிரித்தது. கழுத்தில் ஒரு சங்கிலிகூட இருந்தது.

அவள் கிட்டே வந்து பார்த்தாள். நான் இன்னொன்று வரவழைத்தேன். அது உதட்டை மூடிக்கொண்டு சிரித்தது. மூன்றாவதில் வயது குறைந்திருந்தது.

"போதும்க்கா," என்றாள். "எனக்கே அம்மா வாய் மறந்திடும் போலிருக்கு."

மூன்றையும் அவள் கண்ணெதிரே அழித்தேன். அழிப்பதும் கண்மூடித் திறப்பதற்குள் ஆகிவிட்டது. பாதிப் படத்தை மட்டும் அவள் கைப்பேசிக்கு அனுப்பினேன். வாசலில் காலணி மாட்டிக்கொண்டே, "அப்பா உங்களத் திட்டலக்கா. அத நெனைச்சுகிட்டிருக்காதீங்க," என்றாள்.

அவள் படியிறங்கிய பிறகு சன்னலோரம் போய் நின்றேன். கீழே காருக்குள் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். அவள் ஏறியதும் கைப்பேசியை அவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பின்னால் நின்ற லோரி ஹாரன் அடித்தது. வண்டி நகர்வதற்கு நெடுநேரம் ஆனது.