ஹார்ட் டிஸ்க் வாங்க ஓசூர் போன வெள்ளிக்கிழமை

காலை 8.20. ராயக்கோட்டைப் பேருந்து நிலையம்.

7.40 பேருந்தைத் தவறவிட்டேன். கதவைப் பூட்டினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. அடுத்த பேருந்தின் கூரையில் தக்காளிக் கூடைகளை ஏற்றி முடிக்கும் வரை நடத்துநர் யாரையும் உட்கார விடவில்லை. இடுப்பில் என் மகள் கயல், தோளில் இரண்டு பைகள். ஒன்றில் அவளுக்கான பால் புட்டி, மாற்றுத்துணி, வேகவைத்த உருளைக்கிழங்கு. மற்றதில் கைக்குட்டையில் சுற்றிய கையடக்கக் கணினி. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

என் கணவர் ஓசூரில் இயந்திரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பத்து மாதங்களாக அந்த வேலைக்காகவே ஜெர்மனியில் இருக்கிறார். அவர் போனபோது கயலுக்கு ஆறு மாதம். இப்போது ஒரு வயது நான்கு மாதம். எங்களுக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். அவர் போனபின் நான் அங்கேயே போயிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். திரும்பி வருகிறவருக்கு நம்முடையது என்று ஒரு வீடு இருக்க வேண்டும் என நினைத்து, ஓசூரைவிட வாடகை குறைவான ராயக்கோட்டையில் இரண்டு அறை பிடித்தேன். செய்தது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போகும்போது அவர் விட்டுச்சென்றதுதான் இந்தக் கணினி. பாம்டாப் என்பார். உள்ளங்கை அளவு, பிளாஸ்டிக் குச்சியால் திரையைத் தொட்டு இயக்க வேண்டும். படம் எடுக்கும், குரல் பதியும். ஆனால் எல்லாம் போய்ச் சேர்வது தபால்தலை அளவிலான ஒரு கார்டில். அதில் உள்ள இடம் 256 எம்.பி. மட்டும். மூன்று வாரத்துக்கு முன் கயல் சுவரை விட்டுவிட்டுத் தானாக நான்கு அடி நடந்தாள். ஓடிப்போய்க் கணினியை எடுத்து நீட்டினேன். இடம் இல்லை, எதையாவது அழியுங்கள் என்றது. எதை அழிப்பது? முதல் பல் தெரியும் படத்தையா, மொட்டை போட்ட அன்று அழுததையா? நான் முடிவு செய்வதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவரே வழி சொன்னார். சோப்பு டப்பா அளவில் ஹார்ட் டிஸ்க் ஒன்று விற்கிறதாம். தனி பேட்டரி, பக்கவாட்டில் கார்டு செருக ஒரு துளை. செருகிப் பொத்தானை அழுத்தினால், வேறு கணினி இல்லாமலே கார்டில் உள்ளதையெல்லாம் தனக்குள் எடுத்துக்கொள்ளும். 20 ஜி.பி. கொள்ளளவு. எங்கள் கார்டைப் போல எண்பது கார்டுகள் அதற்குள் அடங்கும். அவருடன் வேலை செய்யும் செல்வம் சனிக்கிழமை ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறார். வெள்ளி மாலை நான்கு மணிக்குள் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். "போறவங்க வர்றவங்க கையில அந்த டிஸ்க் நமக்குள்ள போயிட்டு வந்துட்டே இருக்கட்டும்" என்றார்.

அதே பேச்சில் இன்னொன்றையும் மறுபடி கேட்டார். ஒரு மாதமாகக் கேட்டுவருவதுதான். இன்னும் ஓராண்டு அங்கேயே இருக்கிறீர்களா என்று நிர்வாகம் கேட்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் இஷ்டம், எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று வழக்கம்போலச் சொன்னேன்.

காலை 9.05. உத்தனப்பள்ளி.

டிக்கெட் பதினோரு ரூபாய். ஓசூர் வரை சுமார் முப்பது கிலோமீட்டர். சாலையின் இருபுறமும் தக்காளி, இடையிடையே ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். உத்தனப்பள்ளியில் கொத்தமல்லி மூட்டையோடு ஏறிய ஓர் அம்மாள் என்னை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். வெளியே நின்றவர்களிடம் தெலுங்கில் ஏதோ கத்திவிட்டு என்னிடம் தமிழுக்கு வந்தார்.

"ஏம்மா, இந்தக் குளிருக்குக் கொழந்தைக்குத் தலைக்கு ஒண்ணும் கட்டலியா?"

குல்லாவை எடுத்து வைத்துவிட்டு, வெயில் வருமே என்று திரும்பவும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். முந்தானையால் கயலின் தலையை மூடினேன்.

"வூட்டுக்காரரு வரலியா?"

"ஜெர்மனியில இருக்காருங்க."

"அது துபாய்க்குப் பக்கமா?"

"இன்னும் தள்ளிங்க."

அவர் சிறிது யோசித்தார். "எங்க வூட்டுக்காரரு மார்க்கெட்டுக்குப் போனாலே ரெண்டு நாளுக்கு ஆளக் காணோம். ஒனக்கு எங்க இருக்காருன்னாவது தெரியுதே, விடு" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம். அன்று என்னிடம் பேசிய முதல் ஆள் அவர். முந்தைய நாளையும் எண்ணிப் பார்த்தேன். பால்காரர் மட்டும்தான்.

காலை 10.00. ஓசூர்.

பேருந்து நிலையத்தில் பாதிப் பேருந்துகளின் பலகைகள் கன்னடத்தில் இருந்தன. மூன்று ஆண்டு வாழ்ந்த ஊர், ஆனாலும் யாரும் என்னைத் தேடவில்லை. மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பாகலூர் ரோட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். இருபத்தைந்து ரூபாய். கணினிக் கடை மாடியில் இருந்தது. கடைக்காரர் பெயர் மஞ்சுநாத். நாற்பது வயது இருக்கும். தொலைபேசியில் கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டே கயலுக்கு ஒரு பழைய விசைப்பலகையை எடுத்துத் தரையில் வைத்தார். அவள் உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள்.

டிஸ்க் இருந்தது. கறுப்பு நிறம், விலை ஐயாயிரத்து எண்ணூறு. கார்டை வாங்கித் தன் கணினியில் செருகி, கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தினார். அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்குத் தெரியாது.

"மேடம், இதப் பாருங்க. ஃபோட்டோ எல்லாம் சேத்தே பாதி கார்டு வரல. மேல இருக்குற ஒரே ஒரு ஆடியோதான் மீதி எடத்த சாப்பிட்டிருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுது. என்ன ரெகார்டு பண்ணீங்க?"

"நான் எதுவும் பண்ணலயே."

அவர் பாம்டாப்பின் விளிம்பைக் காட்டினார். சிறிய பொத்தான். "இது ரெகார்டு பட்டன். பையில நசுங்கினா தானா ஆன் ஆயிடும். எடம் தீர்ற வரைக்கும் ஓடியிருக்கு. எல்லாரும் பண்றதுதான். எங்கிட்ட வந்த ஒரு இன்ஜினியரு மூணு மணி நேரம் தன் பேன்ட் பாக்கெட்ட ரெகார்டு பண்ணி வச்சிருந்தாரு."

நடுவில் ஓரிடத்தில் ஓடவிட்டார். கடை முழுக்க எங்கள் வீட்டு குக்கர் விசிலடித்தது.

"அஞ்சு... ஆறு... ஆறு விசில் மேடம்! பருப்பு கூழாயிருக்கும்."

கயலின் சிணுங்கல் கேட்டது. பிறகு தொலைபேசி மணி. என் குரல், "ம், சொல்லுங்க. நல்லா இருக்கோம்" என்றது. மஞ்சுநாத் உடனே ஆடியோவை நிறுத்தினார். இழுப்பறையிலிருந்து இயர்ஃபோனை எடுத்துச் செருகி என் பக்கம் தள்ளிவிட்டு, அலமாரியில் எதையோ அடுக்கப் போனார்.

காலை 10.40. அதே கடை.

முதலிலிருந்து கேட்டேன். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. பூட்டுத் திறக்கும் சத்தம். உடனே என் குரல்: "வந்தாச்சு. வெயில் என்னமா அடிக்குது." வீட்டில் யாரும் இல்லை. நான் அப்படிச் சொல்வேன் என்பதே எனக்குத் தெரியாது. பிறகு காய் நறுக்கும் சத்தத்துக்கு நடுவே, கத்தரிக்காய் சொத்தை என்று யாரிடமோ சொன்னேன். பால் காயவைக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து, வேண்டாம் என்று நானே பதிலும் சொன்னேன்.

அடுத்து அந்தத் தொலைபேசிப் பேச்சு. இன்னும் ஓராண்டு என்பதை அவர் முதன்முதலாகச் சொன்ன நாள் அது. அவர் குரல் இல்லை. என் பதில்கள் மட்டும். "நல்லதுதானங்க." "கயல் நல்லா சாப்பிடுறா." "எனக்கென்ன, நேரம் போறதே தெரியல." ரிசீவரை வைக்கும் சத்தம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு என் குரல், என் குரல் மாதிரியே இல்லாமல்: "நேரம் போறதே தெரியலயாம்." சிரிப்புப் போல ஏதோ வந்தது. அது சிரிப்பில்லை. கயல் "ம்மா" என்று கூப்பிடுவதும் நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு "ஒண்ணுமில்லடி தங்கம்" என்பதும் கேட்டன.

இயர்ஃபோனைக் கழற்றினேன்.

மஞ்சுநாத் திரும்பி வந்தபோது மின்சாரம் போய்விட்டது. அவருடைய கணினி அணைந்தது. "பரவால்ல, டிஸ்க்குல பேட்டரி இருக்கு" என்றார். "ஆனா ஒண்ணு. இதுல பொறுக்கியெல்லாம் எடுக்க முடியாது. பட்டன அமுக்கினா கார்டுல இருக்குறது மொத்தமும் போயிடும். வேணாங்குறத இப்பவே உங்க பாம்டாப்புலயே அழிச்சிடுங்க."

கார்டைப் பாம்டாப்பில் போட்டு, குச்சியை அந்தக் கோப்பின் மேல் வைத்து அழுத்தினேன். அழிக்கவா என்று கேட்டது. குச்சி திரைக்கு மேலேயே நின்றது. அழித்தால் அவருக்குக் குழந்தையின் படங்கள் மட்டும் போகும். நிம்மதியாக அங்கே இன்னும் ஓராண்டு இருப்பார். அது அவருக்கு நல்ல வாய்ப்பு, இன்னொரு முறை வராது. அழிக்காவிட்டால் பத்து மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் நான் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். அதைவிட, அவர் இதைக் கேட்டபிறகும் அங்கேயே இருந்துவிட்டால்? இதையும் நினைத்தேன்.

"என்ன மேடம், நான் அழிக்கட்டுமா?"

"இல்ல. அது இருக்கட்டும்."

அவர் கார்டைச் செருகிப் பொத்தானை அழுத்தினார். ஒரு பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. டிஸ்க் உள்ளே மெல்லச் சுழல்வது மேசைமேல் வைத்த விரலுக்குத் தெரிந்தது. இருபது நிமிடம். மின்சாரம் வந்ததும் எல்லாம் சேர்ந்துவிட்டனவா என்று ஒருமுறை பார்க்கச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். அதன்பின், புதுப் படங்களுக்கு இடம் வேண்டும் என்று நான் கேட்க, கார்டிலிருந்து அந்தக் கோப்பை மட்டும் நீக்கினார். என்னிடம் படங்கள் தங்கின. குரல் டிஸ்க்கில் மட்டும் இருந்தது. பாம்டாப்பின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளிக் காட்டினார். "இப்படி வச்சா பட்டன் வேல செய்யாது. இனிமே தானா ரெகார்டு ஆகாது."

பிற்பகல் 3.15. பாகலூர் ரோடு ஹவுசிங் போர்டு.

செல்வத்தின் வீட்டுக் கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. சேலம் பக்கத்துக்காரர், சத்தமாகப் பேசுவார்.

"வாங்க சிஸ்டர்! ஊறுகா, முறுக்குன்னு ஏதாச்சும் கொண்டாந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிடுங்க. இருபத்தி மூணு கிலோவுல நிக்கிது பொட்டி."

டிஸ்க்கைக் கொடுத்தேன். கையில் வைத்து எடை பார்த்தார். "அட, இவ்ளோதானா? என்ன இருக்கு இதுல?"

"கொழந்த ஃபோட்டோண்ணா. அப்புறம்... வீட்டுச் சத்தம்."

அதை இரண்டு சட்டைகளுக்கு நடுவே வைத்தார். அவர் மனைவி தந்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வெளிக்கதவு வரை வந்ததும் கால் நின்றுவிட்டது. வேண்டாம், வாங்கிவிடலாம். இன்னும் நேரம் இருக்கிறது. கடைக்குத் திரும்பிப் போய் அழித்துக் கொண்டுவந்து கொடுக்கலாம். திரும்பி உள்ளே போனேன்.

"ஏதாச்சும் மறந்துட்டீங்களா சிஸ்டர்?"

"இல்லண்ணா. அவருகிட்ட... பெருசா ஒரு ஆடியோ இருக்கும். அத முழுசா கேக்கச் சொல்லுங்க."

கேட்கப் போனது வேறு. வாய் சொன்னது இதை.

மாலை 4.40. திரும்பும் பேருந்து.

காலி தக்காளிக் கூடைகள் கூரையில் உருண்டு உருண்டு இடித்தன. தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் அடையாள அட்டைகளைக் கழற்றாமலே நின்றபடி தூங்கினார்கள். உத்தனப்பள்ளி வரை, டிஸ்க்கின் பேட்டரி வழியில் தீர்ந்துவிடுமோ என்று பயந்தேன். பேட்டரி தீர்ந்தாலும் உள்ளே உள்ளது அழியாது என்று மஞ்சுநாத் சொன்னது நினைவுக்கு வந்தது. அதன்பின் மற்ற பயம் மட்டும் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தால் "நல்லா இருக்கோம்" என்று இனி எப்படித் தொடங்குவேன்?

வெளியூர் போய்வரும் எல்லோரும் கடைசியில் நம் வீட்டைப் போல வருமா என்று எழுதுவார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. காலையிலிருந்து நான்கு பேர் என்னிடம் பேசினார்கள். ராயக்கோட்டை நெருங்க நெருங்க நான் வாயை மூடிப் பழகிக்கொண்டிருந்தேன். இன்று கதவைத் திறக்கும்போது எதுவும் பேசக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

மாலை 6.30. வீடு.

பூட்டைத் திறந்தேன். உள்ளே இருட்டு. உதட்டை இறுக்கிக்கொண்டு செருப்பைக் கழற்றினேன். பையில் பாம்டாப் தாழிட்டபடி கிடந்தது.

கயல் என் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். இருட்டான அறையைப் பார்த்து, "ந்தாச்சு" என்றாள். அப்புறம் யாராவது பதில் சொல்வார்கள் என்பது போல, கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.