எங்கள் கார் ஒழுகாமல் நிற்பது சாந்தி அத்தையால்

சாந்தி அத்தை போய்விட்டார். இன்று மத்தியானம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், கவுண்டரிலேயே மயங்கி விழுந்தாராம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

இது அப்பாவின் பேஜ். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் எங்கள் பழைய கறுப்பு காரின் பேஜ். இதில் போட்டோ போடுவது எப்போதும் நான்தான், பத்தாவது படிக்கும் அவர் மகள். ஆனால் இந்தப் பதிவு அவருக்குத் தெரியாது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அந்தக் கடை வைத்திருந்த மாமாவை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார். வேறு சாதி. அன்றோடு அப்பா அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். நான் அப்போது பிறக்கவே இல்லை.

ஆனால் எங்கள் காருக்கான பார்ட்ஸை மைசூரில் வேறு யாராலும் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அத்தை, நடுவில் நான்.

"கேஸ்கெட் வந்துச்சான்னு கேளு."

"வந்துச்சு கண்ணு. போன தடவ மாட்டுனத உங்க மெக்கானிக் கோணலா முறுக்கிட்டான்னு உங்கப்பாகிட்டச் சொல்லு."

"எங்க மெக்கானிக்கப் பத்தி யாரும் பேச வேண்டாம்னு சொல்லு."

"செரி, பேசல. ஒழுகட்டும்னு சொல்லு."

நான் வாயைத் திறக்கவே வேண்டாம். சும்மா நின்றால் போதும்.

வண்டி அப்போது நிஜமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. நிறுத்திய இடத்தில் எல்லாம் எஞ்சின் ஆயில். ஒரு முறை மண்டப வாசலில் போட்டிருந்த கோலத்தின் மேலேயே சொட்டிவிட்டது. "ஏன்ரீ இது, ரங்கோலி மேலெல்லா எண்ணெ!" என்று மேனேஜர் கன்னடத்தில் கத்த, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு டிக்கியில் எப்போதும் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். நிறுத்தியதும் இறங்கி ஓடிப்போய் அதைப் பிரித்து அடியில் விரிப்பது என் வேலை.

கேஸ்கெட் மாற்றினோம். சீல் மாற்றினோம். கொஞ்ச நாள் நிற்கும், மறுபடி சொட்டும்.

ஒரு நாள் அத்தை என்னிடம் கேட்டார். "ஜாஸ்தியா ஒழுகுறது ஆயுத பூஜைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

யோசித்துப் பார்த்தேன். பின்னால்தான். ஒவ்வொரு வருஷமும்.

அத்தை கடையை விட்டு வெளியே வந்தார். அப்பா பக்கம் பார்க்காமல் பானெட்டைத் திறந்தார். எஞ்சின் உச்சியில், ஆயில் ஊற்றும் இடத்தில் ஒரு மூடி இருக்கும். எஞ்சினுக்குள் சேரும் காற்று அந்த மூடியில் உள்ள சல்லடை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பார்ப்பதற்கு அது ஒரு தலை மாதிரி இருப்பதால், அப்பா வருஷா வருஷம் சந்தனத்தைக் குழைத்து அங்கேதான் அப்புவார். மேலே குங்குமம் வேறு. அது காய்ந்து சல்லடை மொத்தமும் அடைத்துப்போய்விட்டது. போக வழியில்லாத காற்று, உள்ளே இருந்த ஆயிலை இடுக்கு இடுக்காகப் பார்த்து வெளியே தள்ளியிருக்கிறது!

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாமிக்கு நெத்தியில பொட்டு வெக்கலாம் கண்ணு, மூக்க அடைக்கலாமான்னு உங்கப்பாவக் கேளு."

அந்த வருஷத்திலிருந்து பொட்டு ஹெட்லைட்டுக்கு மாறிவிட்டது.

அப்படியும் எஞ்சினின் பின்பக்கம் மட்டும் லேசாகக் கசிந்தது. அதற்கான சீல் எங்குமே கிடைக்கவில்லை. அத்தை அளவெடுத்துக்கொண்டு பஸ் ஏறி குண்டலுபேட்டைக்குப் போனார். அங்கே செண்டுமல்லித் தோட்டம் ஒன்றில் ஓடாமல் கிடந்த பழைய பம்புசெட்டுக்கு அதே அளவு சீலாம். அதன் சொந்தக்காரர் வாங்கி வைத்துவிட்டு மாட்டாமலே விட்ட புதுச் சீல் ஒன்றை வாங்கி வந்தார். "கார்க்காரன் ஒரு பேரு வெப்பான், பம்புக்காரன் ஒரு பேரு வெப்பான். அளவு ஒண்ணுதான். என்னைய மாதிரி தேட இந்த மைசூர்ல எவன் இருக்கான்?" என்றார். அடக்கமெல்லாம் அத்தைக்குத் தெரியாது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

போன தசராவுக்குப் பழைய கார்கள் ஊர்வலம் போனபோது எங்கள் வண்டிக்கு ஷீல்டு கொடுத்தார்கள். அப்பா மைக்கில், "எல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் செஞ்சதுங்க" என்றார். நீங்களும் இந்தப் பேஜில் அவரைத்தான் வாழ்த்தினீர்கள். அந்த வீடியோவைப் போட்டது நான்.

அத்தை அன்றைக்குக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். நான் பின்னால் போய் நின்றது அவருக்குத் தெரியாது. அப்பா பேசியதைக் கேட்டுக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் வண்டி அது. கீழ குனிஞ்சு பாருங்க... ஒரு சொட்டு இருக்குதா? பாருங்கன்னா!"

அந்த ஆள் நிஜமாகவே குனிந்து பார்த்தார்.

அத்தை "அண்ணன்" என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்பாவிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவே இல்லை.

இன்று சாயங்காலம் போன் வந்ததும் அப்பா, "நம்ம வீட்ல இருந்து யாரும் போக வேண்டாம்" என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்... அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

நாளைக் காலையில் எடுக்கிறார்கள்.

அப்பா, எழுந்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது இந்தப் பேஜைத்தான். எனக்குத் தெரியும். திட்டுங்கள். ஆனால் அழித்துவிடாதீர்கள்.

அத்தை, நான் ஸ்கூல் யூனிஃபார்மில்தான் வருவேன். வேறு டிரஸ் போட்டால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது.

நான் வரும்வரை இருங்கள்.