கம்ப்யூட்டர் கன்றின் நெற்றிச் சுழி

கம்ப்யூட்டரில் முடி வளர்ப்பவனுக்குத் தன் தலைமுடி சீக்கிரம் கொட்டிவிடும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இதைப் படித்ததும் தலையைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். கார்ட்டூன் படத்தில் வருகிற மிருகத்தின் உடம்பில் லட்சக்கணக்கில் முடி இருக்கும். அத்தனையையும் யாராலும் சீவ முடியாது. அங்கங்கே கொஞ்சம் முடிகளை மட்டும் நட்டு, வளைத்து, படிய வைப்போம். அதற்குப் பேர் கைடு. மற்ற முடிகள் பக்கத்துக் கைடைப் பார்த்து அதன்படி சாயும். எந்த அளவுக்குச் சாய வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைப்பதுதான் என் உத்தியோகம்.

நாளிதழில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த நான் இந்த வேலைக்கு வந்தது சங்கரன்கோவிலில். ஹைதராபாத்தில் இதையே செய்துகொண்டிருந்த கோமதிநாயகம் சொந்த ஊருக்குத் திரும்பி, ஒரு தறிக்கூடத்தின் மாடியில் ஸ்டுடியோ போட்டார். நானும் பேச்சியம்மாளும் அவரிடம் சேர்ந்தோம். சென்னைக் கம்பெனி ஒன்று சோதனைக்காக ஒரு கன்றுக்குட்டியைக் கொடுத்தது. அது தேறினால் அந்தத் தொடரில் வருகிற எல்லா மிருகமும் எங்களுக்கு. தேறாவிட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு கோமதிநாயகம் மறுபடி ஹைதராபாத் போக வேண்டியதுதான். பேச்சிக்கு அந்த வழியும் கிடையாது. சாயங்கால பஸ்ஸில் சொந்த ஊரான பனவடலிசத்திரம் திரும்பிவிடலாம் என்பதால்தான் அவள் வீட்டார் அவளை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

முடி வேலை

கீழே தறி ஓட்டுகிற சுப்பையா அண்ணாச்சிதான் வீட்டுக்காரர். மாடியில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் படியில் மறித்துக் கேட்டார். "கம்ப்யூட்டர்ல முடி வேலை அண்ணாச்சி" என்றேன். சுருக்கமாகச் சொல்வது பத்திரிகைப் பழக்கம். அதன் பலன் மறுநாளே தெரிந்தது. தறிக்கூடத்துப் பெண்கள் முடி கொட்டுவதற்கு வைத்தியம் கேட்டு மேலே வந்தார்கள். இன்னொருவர், கோயிலில் மொட்டை போட்ட முடியை நாங்கள் எடுத்துக்கொள்வோமா என்று விசாரித்தார்.

மத்தியானம் அண்ணாச்சியே வந்துவிட்டார். திரையில் நின்ற கன்றைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். திரையிலேயே கன்றின் முதுகை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. மனுசனுக்கு வெட்ட மாட்டீயளோ?"

எண்ணெய்

கைடின் பேச்சை மற்ற முடிகள் எவ்வளவு கேட்க வேண்டும் என்கிற அளவு, பூஜ்யத்தில் தொடங்கி ஒன்றில் முடியும். புதிதில் எனக்கு ஒழுக்கம்தான் பெரிதாகப் பட்டது. ஒன்றில் வைத்தேன். முடியெல்லாம் கொத்துக் கொத்தாகக் கைடோடு ஒட்டிக்கொண்டு, நடுநடுவே தோல் தெரிந்தது. பேச்சி எட்டிப் பார்த்தாள். "கன்னுக்குட்டி பள்ளிக்கூடத்துக்கா போகுது அண்ணே? இம்புட்டு எண்ணெய வச்சுச் சீவியிருக்கீய!"

பூஜ்யத்துக்கு இறக்கினேன். இப்போது ஒவ்வொரு முடியும் தன் இஷ்டத்துக்கு எழுந்து நின்றது. அந்த நேரம் பார்த்து கோமதிநாயகம் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். பேச்சி அவர் தலையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள்: "இப்ப சாரு மாதிரியே இருக்கு. நடுவுல எங்கயாவது வைங்க."

நடு நெற்றி

உடம்பெல்லாம் படிந்தது. நெற்றி மட்டும் படியவில்லை. மூக்குப் பக்கத்துக் கைடுகள் கீழே இழுத்தன. கொம்பு முளைக்கிற இடத்துக் கைடுகள் மேலே இழுத்தன. காதுப் பக்கத்துக் கைடுகள் ஆளுக்கொரு திசை. நடுவில் நின்ற முடிகள் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டன. கம்ப்யூட்டரின் கணக்கில் அது பிழை. எங்கள் ஊரில் அதற்குப் பேர் சுழி. அது விழுந்த பிறகுதான் கன்றுக்கு முகமே வந்தது. "தொடாதீய, அப்படியே கிடக்கட்டும்" என்றாள் பேச்சி.

சுப்பையா அண்ணாச்சி தன் மச்சான் வேலுச்சாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கரிவலம்வந்தநல்லூரில் மாடு வைத்திருப்பவர்.

"நடு நெத்திச் சுழி. ராசியான கன்னு" என்றார் அண்ணாச்சி.

"நடுவுலயா இருக்கு? வலப்பக்கம் ஒரு நூலு ஒதுங்கியிருக்கு. ஆகாது."

"உமக்குக் கண்ணுதான் ஆகாது வே."

"தறிக்காரருக்கு மாட்டுச் சங்கதி எதுக்கு? தம்பி, பல்லக் காட்டும் பாப்போம்."

நான் கன்றின் வாயைத் திறந்தேன். பல் இன்னும் செய்திருக்கவில்லை. வேலுச்சாமி கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பி முடிவைச் சொன்னார்: "பல்லும் இல்ல. எனக்கு வேண்டாம்."

துண்டு

அடுத்துக் கன்று பார்த்தவர் சென்னைக் கம்பெனியின் மேற்பார்வையாளர் ரம்யா மேடம். வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "நெத்தியில எரர் இருக்கு, எடுத்துடுங்க" என்றார். எடுத்தோம். கன்று பிளாஸ்டிக் பொம்மை ஆனது. "உயிரே இல்லையே" என்று அதையும் திருப்பி அனுப்பினார். உயிர் அந்த எரரில்தான் இருந்தது என்று கோமதிநாயகம் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் நிஜத்தில் முடி இப்படிச் சுழியும் என்பதற்குப் புகைப்படம் வேண்டும், இணையத்தில் எடுத்தது கூடாது, நாங்களே எடுத்ததாக இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் கன்று வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடும் என்று பதில் வந்தது.

மோட்டார் சைக்கிளில் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனேன். வழியில் ஒரு கன்று நின்றது. அதன் நெற்றியைத் தாய்ப்பசு அப்போதுதான் நக்கி வழித்துவிட்டிருந்ததில் சுழி தெரியவில்லை. நேரே வேலுச்சாமியின் தொழுவத்துக்குப் போனேன். அங்கே இருந்த கன்றுக்கு நெற்றியில் அச்சடித்தது போல ஒரு சுழி, வலப்பக்கம் ஒரு நூல் ஒதுங்கி. எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்த மனிதர், நான் போனைக் கன்றின் முகத்துக்கு நேரே கொண்டுபோனதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் நெற்றியில் போட்டு மூடினார். மறுநாள் அந்தப் பசுவையும் கன்றையும் விலைக்குப் பார்க்க ஆள் வருகிறதாம். அதற்குள் இந்த ஆகாத சுழியின் படம் ஊரெல்லாம் சுற்றினால் என்ன ஆவது? துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சொன்னார்: "முதுக எடும், வால எடும், வேணும்னா என்னைய எடும். சுழிய மட்டும் எடுக்காதயும் வே."

சாரின் தலை

வெள்ளிக்கிழமை வந்தது. எங்களிடம் இருந்தது ஒரு மாட்டு வாலின் படம். ரம்யா மேடம் திரையில் தோன்றி, "ரெஃபரன்ஸ் ரெடியா?" என்று கேட்டார். பேச்சி என்னைப் பார்த்தாள். நான் கோமதிநாயகத்தைப் பார்த்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, கேமராவுக்கு நேரே தலையைக் குனிந்தார்.

"ரெட்டைச் சுழி மேடம். முடி குறைஞ்சிட்டதால நல்லாவே தெரியும்."

பேச்சி ஓடிப்போய் மேசை விளக்கை அவர் தலைக்கு மேல் பிடித்தாள். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க சார், வெளிச்சம் விழட்டும்." சாமி கும்பிடுகிறவர் மாதிரி அவர் குனிந்தே இருந்தார். கீழே தறி ஓடுவது மட்டும் கேட்டது. நான் மனதுக்குள் மாடியைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

திரையைப் பார்த்தால், ரம்யா மேடம் தன் நெற்றிக்கு மேலிருந்த கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அமுங்கிக் கிடந்த முடி விடுபட்டு எழுந்து, அழகாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அதைத் தன் திரையிலேயே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஸ்கூல் படிக்கும்போதே கிளிப் போட்டு அமுக்க ஆரம்பிச்சேன் சார். எரர்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."

வித்தாச்சு

ஒரே ஒரு திருத்தம் கேட்டார். கன்று பக்கவாட்டில் நிற்கிற காட்சியிலும் தெரியும்படி சுழியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். பேச்சி ஒரு கைடைப் பிடித்து நகர்த்தினாள். மற்ற முடிகள் ஒழுங்காகப் பின்னால் போயின. அன்றைக்கே கன்று தேறிவிட்டது. அவள் எப்போதும் போகிற பஸ்ஸுக்கே கிளம்பிப் போனாள், வாசலில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு.

மறுநாள் வேலுச்சாமி வந்தார். அவருடைய பசுவும் கன்றும் விலைபோயிருந்தன. ஆள் உற்சாகமாக இருந்தார். திரையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இப்ப இடப்பக்கம்லா ஒதுங்கியிருக்கு! இத வச்சிருக்கப்படாது வே. உடனே வித்துருங்க."

"வித்தாச்சு அண்ணாச்சி. மெட்ராஸ்காரங்க எடுத்துக்கிட்டாங்க" என்றார் கோமதிநாயகம்.

வேலுச்சாமி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நாற்காலியை நெருக்கிப் போட்டு, குரலைத் தாழ்த்தி, தொழில்காரருக்குத் தொழில்காரர் கேட்கிற மாதிரி கேட்டார்: "சுழியப் பாத்துட்டா வாங்குனாவ?"

சென்னைக்கு இதுவரை எந்தக் கேடும் வந்ததாகத் தகவல் இல்லை என்பதோடு, அடுத்ததாக எங்களுக்கு வந்திருப்பது கரடி என்பதாலும், கரடிக்குச் சுழி பார்க்கத் தெரிந்தவர் கரிவலம்வந்தநல்லூர் வரை ஒருவரும் இல்லை என்பதாலும், இப்போதைக்கு நிம்மதியாகச் சீவிக்கொண்டிருக்கிறோம்.