பதினாறாம் நாளுக்குள் ஒரு கணினி

கல்யாண வீடியோக்களை வெட்டித் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். பினாங்கின் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில், ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, அதன்மேல் இரண்டு திரைகள், கீழே என் கணவர் தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய கணினி. படம் பிடிப்பவர்கள் வேறு ஆட்கள். முகூர்த்தம் முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். மணமக்களை நான் நேரில் பார்ப்பதே இல்லை. ஆனால் அவர்கள் சிரிப்பதையும் அழுவதையும் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருமானத்தில்தான் வீடு ஓடியது. கணவர் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவராக இருந்தார். முந்தைய ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து நடப்பார். பேச்சு இருந்தது, ஆனால் மனத்தில் நினைக்கும் சொல் ஒன்று, வாயில் வரும் சொல் வேறு. தண்ணீர் கேட்க நினைத்துச் சாவி கேட்பார். தப்பாகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியும். அதனால் பேசுவதையே குறைத்துக்கொண்டார். மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சில மாதம் போனார், பிறகு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தை மாதக் கல்யாணங்கள் குவிந்திருந்த நேரத்தில் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய கல்யாணப் படம் என்னிடம்தான் இருந்தது. இன்னும் கை வைத்திருக்கவில்லை. தாமதத்தைப் பற்றிக் கேட்கப்போகிறாள் என்று நினைத்து மன்னிப்புச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அப்பா தவறிட்டாருக்கா," என்றாள்.

கல்யாணம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நெஞ்சு வலி என்று சொன்னவரை மருத்துவமனை வாசல் வரைதான் கொண்டுபோக முடிந்ததாம். பதினாறாம் நாள் காரியத்துக்குள் வீடியோ கிடைக்குமா என்று கேட்டாள். முழுதாக வேண்டாம், அப்பா வரும் இடங்கள் மட்டும் போதும் என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"தாரை வார்த்துக் கொடுக்கறப்ப நான் குனிஞ்சே இருந்தேன்க்கா. அப்பா முகத்த நான் பாக்கவே இல்ல."

கொடுத்துவிடுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில், அந்தப் படத்தைத் திறந்து அவளுடைய அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோது திரைகள் இரண்டும் ஒன்றாக இருண்டன. மேசைக்குக் கீழிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். கணவர் காலை இழுத்துக்கொண்டு அறைக்கு வந்தார். இடது கையால் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். குனிந்து முகர்ந்தார். மதர்போர்டின் ஒரு மூலை கறுத்திருந்தது.

"போச்சு," என்றார். அந்தச் சொல் மட்டும் சரியாக வந்தது.

படம் தனி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கத்தான் இயந்திரம் இல்லை. என் பழைய லேப்டாப்பில் போட்டேன். படம் இரண்டு முறை அசைந்து அப்படியே உறைந்து நின்றது. இதே தொழில் செய்யும் ஒருவரிடம், அவர் கணினியில் இரண்டு நாள் உட்காரலாமா என்று கேட்டேன். அவருக்கே தலைக்கு மேல் வேலை. புதிதாக ஒன்று வாங்குவதைத் தவிர வழியில்லை.

மறுநாள் பஸ் ஏறிக் கொம்தார் கட்டடத்துப் பக்கம் போனேன். நாங்கள் வழக்கமாகப் போகும் கணினிக் கடையின் முதலாளி ஒரு வயதான சீனர். என் கணவரை நன்றாகத் தெரியும். அவர் சுற்றி வளைக்காமல் பேசினார். ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, தனித்தனியாகப் பாகங்களை வாங்கிப் பூட்டினால் கட்டுப்படியாகாது, கம்பெனி பூட்டி வந்த கணினியில் இருப்பது பழைய விலைச் சரக்கு, அதையே எடுத்துக்கொள் என்றார். காலையில் வாங்கினால் மதியம் வேலை தொடங்கலாம். உத்தரவாதமும் உண்டு. பாகங்களை வாங்கி அவர்களையே பூட்டித் தரச் சொன்னால் என் முறை வர அடுத்த வாரம் ஆகும். கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லித் திரும்பினேன். அப்போது என் மனத்தில் ஒரு குழப்பமும் இல்லை.

வீட்டில், கடைக்காரர் கொடுத்த விவரத் தாளைக் கணவர் முன்னால் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்தார். பிறகு தாளைத் தள்ளிவிட்டார்.

"வேணாம். நான்... நான் பூட்டுறேன்."

பக்கவாதம் வந்த நாளிலிருந்து 'நான் செய்கிறேன்' என்று அவர் எதற்குமே சொன்னதில்லை. சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட்டேன். தாடியை மழித்துவிட்டேன். ஒரு நாளும் தடுத்ததில்லை, ஒரு நாளும் தானே முயன்றதுமில்லை. இப்போது என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கண்கள் மறுபடி ஜன்னல் பக்கம் போய்விடும், அப்புறம் திரும்பவே திரும்பாது என்று எனக்குத் தோன்றியது. சரி என்று சொன்னால், அப்பாவின் முகத்துக்காகக் காத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில்? குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்து, "சரி, கிளம்புங்க," என்றேன்.

வாடகைக் காடி பிடித்து அவரையும் அழைத்துப் போனேன். நெடுநாளைக்குப் பிறகு கடைக்கு வருகிறார். முதலாளி எழுந்துவந்து அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு, வேண்டும் என்பதை முன்னால் இழுத்தார், வேண்டாததை ஒதுக்கினார். கணினிக்கு மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளைகளில் விலை குறைந்த ஒன்றை முதலாளி காட்டியபோது கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். கனமானதைத்தான் எடுத்தார். அந்தக் கடையில் நின்ற நேரம் முழுவதும் அவர் நோயாளியாகத் தெரியவில்லை. நான் செய்தது சரிதான் என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து மதர்போர்டை வைத்தோம். நான் பிடித்துக்கொள்ளவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். ப்ராசஸர் உட்காரும் சதுரக் குழியில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் வரிசை வரிசையாக நின்றன. அதன்மேல் ப்ராசஸரை நேராக, மெதுவாக இறக்க வேண்டும். இடது கையின் இரண்டு விரலில் அதைப் பிடித்தார். கை நடுங்கவில்லை. குழிக்கு நேராகக் கொண்டுவந்தார். அந்த நேரத்தில், உணர்ச்சியில்லாமல் மடியில் கிடந்த வலது கை தானாக ஒரு முறை உதறியது. முழங்கை மேசையில் இடித்தது. ப்ராசஸர் விரலிலிருந்து நழுவிக் குழிக்குள் முனை குத்தி விழுந்தது.

சத்தமே இல்லை. நான் எதுவும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. ப்ராசஸரை எடுத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் போர்டைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு மூலையில் கம்பிகள் மழையில் சாய்ந்த புல்லைப் போலப் படுத்திருந்தன. போர்டைத் துண்டின்மேல் வைத்தார். எழுந்து போய்ப் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாலை வரை அவர் அசையவில்லை. நான் கைப்பேசியை எடுத்து அந்தப் பெண்ணின் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடியாது என்பதை எப்படிச் சொல்வது? இயந்திரம் கெட்டுவிட்டது என்றா? என் கணவர் கை விழுந்துவிட்டது என்றா? எதைச் சொன்னாலும் அவள், பரவாயில்லைக்கா என்றுதான் சொல்வாள். அதைத்தான் என்னால் கேட்க முடியாது என்று தோன்றியது.

காலையில் தனியாகக் கடைக்குப் போனேன். முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். விழுந்து வளைந்ததை உத்தரவாதத்தில் மாற்ற முடியாது, அதே வகை போர்டும் கையிருப்பில் இல்லை. யார் கையிலிருந்து விழுந்தது என்று அவர் கேட்கவில்லை. பிரிக்காத பெட்டிகளைக் கொண்டுவா என்றார். ரேமையும் கிராபிக்ஸ் கார்டையும் எடுத்துக்கொண்டு, நான் முதலில் பார்த்துவைத்த, பூட்டி வந்த கணினியையே கொடுத்தார். மிச்சத்தை மாதாமாதம் கொடு என்றார். பிரித்த பெட்டிகள், அந்தக் கனமான பவர் சப்ளை உட்பட, எனக்கே தங்கின.

புதுக் கணினியை நானே மேசைக்குக் கீழே தள்ளி இணைத்தேன். கணவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது ஓடியது. படம் திறந்தது. பெண்ணின் அப்பா வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வந்தது. சாப்பாட்டையும் மறந்து இரண்டு நாள் வெட்டினேன். எல்லாவற்றையும் கோத்து முடித்து, ஒரே படமாக வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தினேன். சிறிது நேரத்தில் கணினி தானாக அணைந்தது. மறுபடி போட்டேன். மறுபடி அணைந்தது. படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். அதற்கும் அணைந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொண்டுவந்து கொடு, கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், நாளாகும் என்றார்கள். காரியத்துக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, தலையைத் தூக்கியபோது அவர் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். திரும்பத் திரும்ப அணைவது கூடத்தில் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"கரண்டு பத்தல," என்றார்.

கூடத்து மூலையில் கிடந்த கனமான பவர் சப்ளையை இடது கையால் இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். புதுக் கணினியின் பின்னால், பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று ஒரு ஒட்டுத்தாள் இருந்தது. நான் அதைக் கிழித்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்தார். நான் திருப்புளியை எடுத்தேன்.

அது போன்ற ஒரு பகலை நான் அதற்கு முன் கண்டதில்லை. எந்த வயர் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும், சொல்லத்தான் வராது. "பெருசு" என்பார், நான் பெரியதைத் தொட்டதும் தலையை வேகமாக ஆட்டுவார். "கதவு" என்பார், "கதவு இல்ல" என்பார், கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பார். நானும் காத்திருந்தேன். ஒரு முறை பொறுமை போய், "காட்டுங்க, சொல்ல வேணாம்," என்றேன். டார்ச்சின் வெளிச்சத்தையே விரலாக வைத்துக் காட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வேலை நகர்ந்தது. சரியென்றால் என் தோளை ஒரு முறை தட்டினார். தவறென்றால் தோளைப் பிடித்துக்கொண்டார். கடைசி வயரை நான் தயங்கித் தயங்கிப் பிடித்திருந்தபோது, தன் இடது கையை என் கைமேல் வைத்து, "அழுத்து," என்றார். அழுத்தினேன். கிளிக் என்றது.

கணினி ஓடியது. இந்த முறை அணையவில்லை. படம் வெளியே வரும்வரை நாங்கள் இருவரும் அந்த அறையைவிட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து அவர் கை தேறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். தேறவில்லை. போர்டை உடைத்ததைப் பற்றி இன்றுவரை அவர் பேசியதில்லை. ஆனால் அடுத்த வாரம், தன் சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டைத் தானே போட்டுக்கொண்டார். மேலே உள்ளவை என் வேலை.

பதினாறாம் நாள் காலை டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கெலுகோரில் அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். கூடத்தில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். உறவுக்காரர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு டிவி முன்னால் நின்றாள். தாரை வார்க்கும் இடம் வந்தது. அவள் தலை குனிந்திருந்தாள். அவளுடைய அப்பா மகள் கையைத் தூக்கி மருமகன் கையில் வைத்துவிட்டு, அவள் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் ஏதோ சொல்லச் சொல்கிறார், அவருக்குக் காதில் விழவில்லை. பிறகு சடையிலிருந்து நழுவிய பூச்சரத்தை, யாரும் பார்க்காதபோது செய்வதுபோல, மேலே தூக்கிச் செருகினார்.

"இது எனக்குத் தெரியவே இல்லக்கா," என்றாள் அந்தப் பெண்.

அவளுடைய அம்மா கூடத்துக்கு வரவில்லை. சமையலறை வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். படம் அப்பாவின் சிரிப்பும் பேச்சுமாக இருந்த இடத்துக்கு வந்ததும், திரும்பாமலே, "சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்கம்மா," என்றார்.

ரிமோட் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்துக் கூட்டினேன்.