ஒழுக்கை அடைத்துவிட்டு மண்டூருக்குப் போன பயணம்

போன கிழமை ஒரு தம்பி இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்: “ஐயா, களுவாஞ்சிக்குடியில் இருந்து வாவி வழியாக மண்டூருக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்?” அது இஞ்சினையும் இஞ்சினில் கை வைப்பவனையும் பொறுத்தது தம்பி. நான் போனது யுத்த காலத்தில், தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதம். நாற்பது நிமிட ஓட்டம். எனக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஏழு நிமிடம் குறைவாக எடுத்தது.

என் மனைவி பரமேஸ் தலைப்பிரசவத்துக்கு வெல்லாவெளியில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் போன கையோடு வாவிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போக்குவரத்து நின்றுபோனது. குழந்தை பிறந்த செய்தியே எனக்கு ஒன்பதாம் நாள்தான் கிடைத்தது. பெண் குழந்தை. “கண் உங்கட கண்தான்” என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து வைத்து மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. நான் வேலை செய்த அரிசி மில்லில் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் என் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், பைத்தியக்காரன் மாதிரி.

அவளுக்கு இந்தப் பக்கம் வரப் பாஸ் கிடைக்கவில்லை. ஐம்பத்து மூன்றாம் நாள் எனக்குக் கிடைத்தது, ஒரே ஒரு பகலுக்கு. போகும்போது துறையில் அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டும், மாலை ஐந்து மணிக்குள் வந்து திரும்ப வாங்க வேண்டும். ஐந்துக்குப் பிறகு வாவியில் இஞ்சின் சத்தம் கேட்டால் சென்ட்ரியில், அதாவது இராணுவக் காவலரணில், இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மண்டூர்த் துறையில் மஞ்சள் குடையோடு நிற்கிறேன் என்று பரமேஸ் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மட்டக்களப்பில் இருந்து களுவாஞ்சிக்குடி பதினேழு கட்டை, அதாவது மைல். காலை எட்டரைக்கு பஸ் ஏறினேன், இறங்கி ஏறிச் சோதனை முடித்துத் துறைக்கு வரப் பகல் ஒரு மணியாகிவிட்டது. பஸ்ஸுக்கு ஏழு ரூபாய், லோஞ்சுக்கு, அதாவது இஞ்சின் படகுக்கு, இருபது. பையில் ஒரு பால்மா டின், இரண்டு குட்டிச் சட்டை, கறுப்பு வளையல் ஒரு சோடி.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாகரை தொடக்கம் வெல்லாவெளி வரைக்கும் நான் காது வைத்துக் கேட்காத இஞ்சின் கிடையாது. பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டது, மிச்சத்தை டீசல் படிப்பித்தது. மாங்கேணியில் ஒரு போட்டை வாசத்தை மட்டும் பிடித்துத் திருத்தியிருக்கிறேன். வெளிநாட்டுக் கப்பல்காரர் கூட ஆள் அனுப்பினார்கள், எனக்குத்தான் நேரம் வரவில்லை.

லோஞ்ச்காரர் பெயர் சீனித்தம்பி. நடுவில் பெட்டி அடித்து, அதற்குள் இரண்டு சிலிண்டர் டீசல் இஞ்சினைப் பூட்டிய பழைய லோஞ்ச். அவர் ஆட்களின் பெயர் பதிய சோதனைச் சாவடிக்குப் போயிருந்த நேரம் நான் உள்ளே இறங்கிப் பார்த்தேன். அடிப்பலகை இடுக்கில் தண்ணீர் சளசளவென்று ஊறிக்கொண்டிருந்தது. என் பிள்ளையைப் பார்க்கப் போகிற லோஞ்ச் தாழ்ந்தால் என்னாவது? பக்கத்தில் தார் டின் கிடந்தது. தேங்காய்த் தும்பைத் திரித்து, தாரில் தோய்த்து, இடுக்கில் அடித்து இறுக்கினேன். பத்தே நிமிடத்தில் ஒரு சொட்டு இல்லை. உண்மையாகவே நல்ல வேலை, இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டு பத்துக்கு வெளிக்கிட்டோம். ஒன்பது பேர். என் பக்கத்தில் மண்டூர் வட்டை விதானையார், அதாவது வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கிற பெரியவர். இரண்டு முப்பத்தைந்துக்கு நடுவாவியில் பெயின்ட் கருகுகிற வாசம் வந்தது. பெட்டி மூடியைத் தூக்கினால் ஆவி. சீனித்தம்பி இஞ்சினை நிற்பாட்டினார்.

“சுட்டுப்போச்சு,” என்றார். “காத்து நம்மளைச் சென்ட்ரிப் பக்கம் தள்ளுது. நான் கம்பை ஊண்டிப் பிடிக்கன். ஆருக்காவது இஞ்சின் தெரியுமா?”

“எனக்குத் தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியும்?” என்றேன் நான்.

“அப்ப நாம ஊர் போய்ச் சேந்த மாதிரித்தான்,” என்றார் விதானையார்.

அவர் ஒரு வாளி தண்ணீரை அள்ளி இஞ்சினில் ஊற்றப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். இதை வாசிக்கிறவர்கள் மனதில் வையுங்கள்: சூடேறிய இஞ்சினுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தலைப்பகுதி வெடிக்கும். தானாக ஆற விடவேண்டும்.

ஆறும் வரைக்கும் தேடலாம். லோஞ்ச் இஞ்சினில் பக்கக் குழாயால் தண்ணீர் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் குழாய் காய்ந்து கிடந்தது. ஆகவே பம்புக்குத் தண்ணீர் வரவில்லை, அல்லது பம்பு தள்ளவில்லை. பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், இறுக்கம் சரி. பம்பைக் கழற்றினேன். உள்ளே செருப்பு ரப்பரில் வெட்டிய இதழ்கள், அந்தக் காலத்தில் புதுச் சாமான் எங்கே கிடைத்தது, ஆனால் ஒன்றும் பிய்யவில்லை. எண்ணெய் பார்த்தேன், இருந்தது.

இடையிடையே தலையைத் தூக்கினால் அக்கரையில் மண்டூர்த் துறை. அங்கே மஞ்சளாக ஒரு புள்ளி. இப்படியும் அப்படியும் ஆடும், பிறகு அசையாமல் நிற்கும். பிள்ளை அழுகிறது போல, ஆட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நின்றால் தூங்கிவிட்டது என்று நினைப்பேன். ஒரு கட்டைக்குச் சற்று மேலே தூரம். காற்று திரும்பியிருந்தால் அழுகைச் சத்தமே கேட்டிருக்கும் போல இருந்தது. ஐம்பத்து மூன்று நாள் தாங்கிய நெஞ்சு அந்த ஒரு கட்டையைத் தாங்கமாட்டேன் என்றது.

மூன்று ஐந்துக்கு, தண்ணீர் உறிஞ்சும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனேன். வழக்கமாக அது லோஞ்சின் அடியில் உள்ள துளைக்குப் போகும். இது போகவில்லை. அடிப்பலகைக்குக் கீழே, பழைய வலைத்துண்டு சுற்றி, சும்மா கிடந்தது. அந்த இடத்தைக் கையால் துழாவினேன். கை நனையவில்லை.

விளங்கிவிட்டது. மாரி வெள்ளத்தில் வயல் வட்டைகள் மூழ்காமல் இருக்க முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள், தண்ணீர் கடலுக்கு ஓடி வாவி ஒரே நாளில் வற்றும், அடித்துளையில் சேறும் சல்லுப்பாசியுமாக ஏறி அடைக்கும். சீனித்தம்பி அந்தத் துளையையே மூடிவிட்டு, ஒழுகி வருகிற தண்ணீரை இஞ்சினுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். ஒழுக்கால் இஞ்சின் குளிரும், இஞ்சின் குடிப்பதால் லோஞ்ச் தாழாது. அந்த ஒழுக்கைத்தான் நான் தார் போட்டு அடைத்திருந்தேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? குனிந்தபடியே அதையும் இதையும் தட்டினேன். பூட்டின நட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன்.

“என்ன டொக்டர், நாடி கிடைச்சுதா?” என்று விதானையார் கேட்டார். “பிணத்துக்கு வைத்தியம் பாக்கிற மாதிரி இரிக்கே.”

“நுட்பமான கோளாறு,” என்றேன்.

அப்போது சீனித்தம்பி பின்னால் இருந்து சொன்னார்: “மறுகா என்ன செய்யிற, கம்பூண்டி இக்கரைக்கே கிறுகுவம். இனி மண்டூர் போய் நேரத்துக்குத் திரும்ப ஏலா.”

மூன்று பதினைந்து. மஞ்சள் புள்ளி அசையாமல் நின்றது.

“அண்ணன்,” என்றேன். “உங்கட ஒழுக்கை நான்தான் அடைச்சன். தாரும் தும்பும் வைச்சு.”

கம்பு தண்ணீரில் அப்படியே நின்றது. “எப்ப?”

“நீங்க பெயர் பதியப் போனாப்போல.”

“கேட்டிருக்கலாமே மனே,” என்றார் சீனித்தம்பி. அவ்வளவுதான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கத்துவதற்கு விதானையார் இருந்தார். “உலகம் முழுக்க லோஞ்சுக்குள்ள வந்த தண்ணியை வெளிய ஊத்துவான். நம்மட டொக்டர் வெளித் தண்ணியை உள்ள ஊத்த வைச்சிட்டார். எடுங்கடா வாளியை!” நான் தும்பை நோண்டி எடுத்தேன், அவர்கள் வாளியாலும் சோற்றுச் சட்டியாலும் வாவியை லோஞ்சுக்குள் அள்ளி ஊற்றினார்கள். மூன்று இருபதுக்கு இஞ்சின் பிடித்தது. பக்கக் குழாய் இருமி, கறுப்பாகத் துப்பி, பிறகு தெளிவாகத் துப்பியது. அரை வேகத்துக்கும் குறைவாகத்தான் விட்டார். கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒழுக்கை அடைத்தது யார் என்பது வராது, இந்த இடத்தில் ஒரு முதலை வரும். இன்றைக்கு முதலை வேண்டாம்.

நாலு மணி மூன்று நிமிடத்துக்கு மண்டூர்த் துறை. நாலேகாலுக்கு லோஞ்ச் திரும்ப வேண்டும். பன்னிரண்டு நிமிடம்.

பரமேஸ் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். பிள்ளையைக் கையில் வாங்கினேன். நித்திரை.

“ரெண்டு மணியில இருந்து முழிச்சிக் கிடந்தா,” என்றாள் பரமேஸ். “வாவியையே பாத்துப் பாத்து, இப்பத்தான், ஒரு பத்து நிமிசம் இரிக்கும், கண்ணயர்ந்தா.”

“எழுப்பவா?”

“எழுப்பினா பசியில கத்துவா. இரிக்கிற நேரமும் அழுகையில போயிரும். பாத்துக்கொண்டு இரிங்க.”

பார்த்துக்கொண்டு நின்றேன். மூடிய இமை, அதில் நீலமாக ஓடும் மெல்லிய நரம்பு. வளையலைப் போட்டுப் பார்த்தோம், பெரிதாக இருந்தது. “இஞ்சின் பழுதாமே?” என்று பரமேஸ் கேட்டாள். நான் வாய் திறக்க முதல் சீனித்தம்பி சொன்னார்: “ஓம் புள்ள. உன்ர புருசன்தான் சரிப்படுத்தினது.” விதானையார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கரையேறி நடந்தார்.

நாலேகாலுக்கு ஏறினேன். இருபத்தைந்து நிமிடம் வரைக்கும் குடை தெரிந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்கு அடையாள அட்டையை வாங்கினேன். அடுத்த பாஸ் ஐந்து மாதம் கழித்துக் கிடைத்தது. அப்போது அவள் தவழ்ந்து வந்து, புது ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். கண் என் கண்தான்.

இனி, போகிறவர்களுக்கு. துறையில் நேரத்தை முதலே விசாரியுங்கள், தை மாதம் என்றால் வாவி எவ்வளவு வற்றியிருக்கிறது என்றும் கேளுங்கள். ஏறியதும் பக்கக் குழாயைப் பாருங்கள்: தண்ணீர் துப்பினால் இஞ்சின் சுகம். துப்பாவிட்டால் உடனே நிற்பாட்டி ஆற விடுங்கள். உறிஞ்சும் வாயில் இருந்து தொடங்கிப் பாருங்கள், என்னைப் போலப் பம்பில் தொடங்காதீர்கள். அதற்கும் முதல், கடைசியாகக் கை வைத்தவர் யார் என்று கேளுங்கள். அது நீங்கள்தான் என்றால் அந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லுங்கள். மூன்று ஐந்துக்குச் சொல்லியிருந்தால் மூன்று ஐம்பத்து மூன்றுக்கு நான் கரையில். அவள் அப்போது முழித்திருந்தாள்.

பரமேசுக்கு இது இன்றுவரை தெரியாது. இதை அவள்தான் முதலில் வாசிப்பாள்.